முழங்கால் மட்டும் சருகு

நம்பாதவர்கள் நம்பாமலே இருந்துவிட்டுப் போகலாம். எனக்கும் முதலில் கேட்டபோது சிரிப்புத்தான் வந்தது. ஆனால் துஷ்யந்திக்குப் பொய் சொல்ல வராது. தலையிடி என்று சொல்லி வேலைக்கு லீவு போட்டால், உண்மையாகவே தலை இடிக்கும்வரை மனம் ஆறாத பிறவி அவள். நடந்த நாட்களையும் நேரங்களையும் பழைய கலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறாள். அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஒரு நிமிடத்தைக்கூட நான் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் அவளும் கணவன் கிருபாகரனும் இருந்தார்கள். ஒரு ஹோல், ஒரு அறை, இரண்டு பேர் நின்றால் முட்டுப்படுகிற குசினி. பிள்ளைகள் இல்லை. அவனுக்குக் கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் கல்யாணக் கார்ட் அடிக்கிற மெஷினில் வேலை. அவளுக்குத் தெஹிவளையில் ஒரு பல் டொக்டரிடம் நம்பர் கொடுக்கிற வேலை. துஷ்யந்திக்கு ஒரு வருத்தம், ஒரு வியாதி உண்டு. வீடு கூட்டுகிற வருத்தம். காலையில் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம், யாராவது வந்து போனால் இன்னொரு தரம். கடற்காற்றோடு வருகிற மணலை அவள் தன் சொந்தப் பகையாகவே வைத்திருந்தாள். "தேய்ச்சுத் தேய்ச்சு ஒரு நாளைக்கு ரெண்டாம் மாடிக்காரரின்ர தலையில விழப்போறாய்" என்று கிருபாகரன் பகிடி பண்ணுவான்.

2022ஆம் வருஷம் நாடு இருந்த கோலம் எல்லாருக்கும் தெரியும். பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, கடைசியில் பேப்பரும் இல்லை. அச்சகத்தைப் பூட்டிவிட்டார்கள். ஐந்து மாதம் வீட்டில் இருந்து பார்த்த கிருபாகரன், பிறகு வெள்ளவத்தையில் பாதிப் பேர் செய்கிற காரியத்தைத்தான் செய்தான். ஓர் ஏஜென்சிக்காரனைப் பிடித்தான். வேலை விசாவில் ருமேனியா போவது, அங்கிருந்து லொறியிலும் காலாலும் இத்தாலி போய்ச் சேர்வது. துஷ்யந்தி அழுதாள், சண்டை பிடித்தாள், இரண்டு நாள் கதைக்காமல் இருந்தாள். பிறகு தானே கடை கடையாக ஏறி இறங்கி அவனுக்கு ஒரு தடித்த ஜக்கெற்றும் காலுக்குச் சப்பாத்தும் வாங்கிக் கொடுத்தாள்.

ஒக்டோபர் 11, செவ்வாய்க்கிழமை. பகல் 1.15க்கு வான் வந்தது. வழியனுப்ப வந்தவர்களின் செருப்பு மண் ஹோல் முழுக்கக் கிடந்தது. வான் காலி வீதிக்கு ஏறியிருக்காது, துஷ்யந்தி தும்புத்தடியைக் கையில் எடுத்துவிட்டாள். வந்த அழுகையை அடக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. பாதி ஹோல் கூட்டியானபோது கிருபாகரனின் அண்ணன் மனைவி மேனகா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ, என்னடி செய்யிறாய்? ஆள் வெளிக்கிட்ட வீட்டை உடன கூட்டுறதே?"

துஷ்யந்தியின் கை அப்படியே நின்றது. தெரியாத விஷயமில்லை. பயணம் வெளிக்கிட்டவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று தெரியும்வரை வீடு கூட்டமாட்டார்கள். ஆள் வாசலைத் தாண்டின கையோடு கூட்டிக் கழுவுவது ஒரே ஒரு பயணத்துக்குத்தான்... பிரேதம் எடுத்த பிறகு. கைப்பழக்கம் அவளை மறக்கப் பண்ணிவிட்டது. ஒதுக்கி வைத்த மண்ணை அவள் கையால் அள்ளித் திரும்பவும் தரை முழுக்கப் பரவிவிட்டாள். சிரிப்பவர்கள் சிரிக்கலாம், அவள் அதைச் செய்தாள்.

நவம்பர் 19, சனிக்கிழமை. இரவு 8.52க்கு அவனிடமிருந்து வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. முப்பத்தொரு செக்கன்.

"துஷி, காட்டுக்குள்ள நிக்கிறம். இது பாதுகாத்து வைச்சிருக்கிற காடாம். ஒருத்தரும் மரம் வெட்டேலாதாம். விழுந்த மரத்தைக்கூட எடுக்க மாட்டினமாம், அது அதின்ர பாட்டில உக்கட்டும் எண்டு விட்டிருக்கினம். முழங்கால் மட்டும் சருகு. நீ வந்தியெண்டால் ஆயுசுக்கும் வேலையிருக்கு. சரி, சார்ஜ் முடியுது. காலமை எடுக்கிறன்."

கடைசியில் சிரித்திருந்தான். காலையில் எடுக்கவில்லை. அடுத்த நாளும் எடுக்கவில்லை.

பதினொரு பேர் நடந்திருக்கிறார்கள். பத்துப் பேர் இத்தாலி போய்ச் சேர்ந்தார்கள். மூன்று கிழமை கழித்து அந்தப் பத்துப் பேரில் ஒருவன் கோல் எடுத்தான். "அக்கா, அண்ணை ஒரு விழுந்த மரத்தில தடக்குப்பட்டு விழுந்திட்டார். கணுக்கால் முறிஞ்சுபோட்டுது. கூட்டிக்கொண்டு போனவன் நிக்க விடேல்லை. நீங்கள் போங்கோ, நான் பின்னால வாறன் எண்டவர்." எந்த இடம் என்று துஷ்யந்தி கேட்டாள். குரோஷியா தாண்டி ஸ்லோவேனியா எல்லை என்றான். காடு என்றான். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி மரம் என்றான். பிறகு அழத் தொடங்கிவிட்டான்.

பிறகு பதினாறு மாதம். அவள் நிரப்பாத படிவம் இல்லை, எழுதாத கடிதம் இல்லை. அந்தக் காட்டு எல்லையில் தேடினோம், ஒருவரும் அகப்படவில்லை என்று இரண்டு வரிப் பதில் ஒன்று வந்தது. வீட்டில் தும்புத்தடி கதவுக்குப் பின்னால் சாய்ந்தபடியே கிடந்தது. நாளுக்கு மூன்று தரம் கூட்டினவள் அதைத் தொடவேயில்லை. பக்கத்து வீட்டு ஹபீலா பார்க்கச் சகிக்காமல் வெள்ளிக்கு வெள்ளி வந்து கூட்டித் தருவாள். துஷ்யந்தி அந்த நேரம் பல்கனிக்குப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

2024 மார்ச்சில் கிருபாகரனின் அண்ணன் தில்லைநாதன் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தார். கதிரை நுனியில் இருந்துகொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஐயரோட கதைச்சிட்டன். வாற இருபத்துநாலாந் திகதி, ஞாயிற்றுக்கிழமை. தர்ப்பையில ஆள் மாதிரிச் செய்து எரிச்சுப்போட்டு, முகத்துவாரத்தில கரைச்சிட்டு வருவம். அவன்ர ஆத்துமா அந்தரிக்கக் கூடாது."

"புல்லை எரிச்சுப்போட்டு இதுதான் என்ர மனிசன் எண்டு சொல்லச் சொல்லுறியளோ பெரியண்ணை?"

"எவ்வளவு காலம் இப்பிடி இருக்கப்போறாய்?"

"ஒரு எலும்பு காட்டுங்கோ. நான் பொட்டை அழிக்கிறன்."

அவர் எழும்பிப் போனார். ஆனால் திகதியை மாற்றவில்லை.

மார்ச் 18, திங்கட்கிழமை. பின்னேரம் 6.17.

குசினியில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்திருந்தாள். ஹோலில் ஒரு சத்தம். சரக். காய்ந்த இலையில் யாரோ கால் வைத்தது போல ஒரே ஒரு தரம். வந்து பார்த்தாள். வாசற்கதவு பூட்டியபடி. உள்ளே, கதவடியில் ஓர் இலை கிடந்தது.

கபில நிறம். முட்டை வடிவம், ஓரம் மட்டும் லேசாக நெளிந்திருந்தது. கையில் எடுத்தாள். ஈரம். அதோடு குளிர்ச்சி, பிரிட்ஜிலிருந்து எடுத்தது போல. அந்த ஒழுங்கையில் நிற்பது இரண்டு தென்னையும் ஒரு வேம்பும்தான். பல்கனிக்கும் யன்னலுக்கும் காகத்துக்காக வலை அடித்திருந்தது. யாருடைய செருப்பிலோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று நினைத்து ரீவிக்கு மேல் வைத்துவிட்டு மறந்துபோனாள்.

செவ்வாய்க்கிழமை. அதே 6.17.

சரக்... சர்ர்ர்... சரக்... சர்ர்ர்...

ஒரு கால் ஊன்றுகிறது. மற்றக் கால் இழுபடுகிறது. வாசலிலிருந்து ஹோல் நடுவரைக்கும் வந்து நின்றது. அவள் குசினி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விளக்கு எரிகிறது, காற்றாடி சுற்றுகிறது, ஹோலில் ஒருவரும் இல்லை. வெறும் மாபிள் தரை. அந்தத் தரையில் வாசலிலிருந்து நடுவரைக்கும் வரிசையாக மூன்று இலைகள் கிடந்தன.

புதன்கிழமை. நோன்பு மாதம் என்றபடியால் ஹபீலா ஒவ்வொரு நாளும் நோன்புக் கஞ்சி கொண்டுவந்து தருவாள். அன்றைக்கு 6.10க்கே வந்துவிட்டாள். கூட மகள் ஹிபா, உயிரியல் படிக்கிற பிள்ளை. ரீவிக்கு மேல் இருந்த இலைகளை ஹபீலாதான் முதலில் கண்டாள்.

"இது எந்த மரத்து எல புள்ள? நான் கண்டதே இல்லயே."

ஹிபா போனில் படம் எடுத்தாள். மரம், செடியெல்லாம் இன்னதென்று சொல்கிற ஏதோ ஒரு ஆப் அவளிடம் இருந்தது. இரண்டு தரம் எடுத்துப் பார்த்தாள்.

"பீச் எண்டு காட்டுது ஆன்ட்டி. பழம் காய்க்கிற பீச் இல்ல, இது வேற. பெரிய காட்டு மரம். யூரோப்ல தான் ஈக்கி. நம்மட நாட்டுல இந்த மரமே இல்ல."

"அப்ப இங்க எப்பிடி வந்த?" என்றாள் ஹபீலா.

துஷ்யந்தி சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 6.16.

6.17.

சரக்... சர்ர்ர்...

"உங்களுக்குக் கேக்குதோ?" என்று மெல்லக் கேட்டாள்.

"என்ன கேக்குது?" என்றாள் ஹபீலா.

அவர்களுக்குக் கேட்கவில்லை. ஆனால் ஹிபா இரண்டு கைகளையும் தேய்த்துக்கொண்டு, "ஏசி போட்டீக்கா ஆன்ட்டி? குளிருது" என்றாள். அந்த வீட்டில் ஏசி கிடையாது. மார்ச் மாத வெக்கையில் கொழும்பே அவிந்துகொண்டிருந்தது.

அவர்கள் போன பிறகு பார்த்தாள். சோபாவுக்கு முன்னால் கைப்பிடியளவு சருகு.

அன்றிரவு துஷ்யந்தி நித்திரை கொள்ளவில்லை. பயம் இருந்தது, இல்லை என்று அவள் சொல்லவில்லை. ஆனால் பயத்தைவிட வேறொன்று பெரிதாக இருந்தது. வந்துவிட்டார் என்ற நினைப்பு. பதினாறு மாதத்துக்குப் பிறகு, நொண்டி நொண்டி என்றாலும் வீட்டுக்கு வந்துவிட்டார். அந்தச் சந்தோஷத்தை நினைத்து அவளே தலையணையில் முகத்தை அழுத்தி அழுதாள். உயிரோடு இருக்கிறவர் இப்படி வரமாட்டார் என்று தெரியாத அளவுக்கு அவள் குழந்தை இல்லை.

வியாழக்கிழமை. 6.17.

இந்தத் தரம் நடக்கிற சத்தம் இல்லை. விழுகிற சத்தம். தொம்... அதற்குப் பிறகு நெடுநேரம் சருகு சரிகிற ஓசை.

மணம் வந்தது. உக்கின மரம், ஈர மண், காளான். கண்ணாடி அலுமாரியில் பனிப்புகார் படிந்தது. அவள் விட்ட மூச்சு வெள்ளையாகத் தெரிந்தது.

"ஆர்?"

ஓர் அடி முன்னால் வைத்தாள்.

"நீங்களோ?"

மூச்சு. அவளுடையது இல்லை. தரையோடு தரையாக, சருகுக்கு அடியிலிருந்து... இழுத்து... இழுத்து...

6.22க்குப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். மூச்சு நின்றுவிட்டது. தரையில் ஓர் இலைகூட இல்லை. துஷ்யந்தி அந்த இடத்தில் போய்க் குந்தியிருந்து, மாபிளைத் தடவிப் பார்த்தாள். ஈரமாக இருந்தது.

மார்ச் 22, வெள்ளிக்கிழமை.

அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. பகல் தில்லைநாதன் கோல் எடுத்து, ஞாயிறு காலை ஆறு மணிக்கு வான் வரும், வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு நில் என்றார். "ம்" என்று மட்டும் சொன்னாள். ஆறு மணிக்கு விளக்குக் கொளுத்தினாள். ஹோல் நடுவில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தாள்.

6.15. கடற்கரைத் தண்டவாளத்தில் அந்த நேரம் ஒரு ரயில் போகும். போகவில்லை.

6.16. கடல் இரைச்சல் நின்றுவிட்டது. வெள்ளவத்தைக்கு வந்த பதினைந்து வருஷத்தில் அந்த இரைச்சல் ஒரு நாளும் நின்றதில்லை. காலி வீதி ஹோர்ன் சத்தமும் இல்லை. காற்றாடி சுற்றுகிறது, அதற்கும் சத்தம் இல்லை.

6.17.

விழத் தொடங்கியது.

மேலேயிருந்து... ஒவ்வொன்றாக... ஆடி ஆடி... கபில இலைகள். காற்றாடிக்கு ஊடாக, ரியூப் லைட்டுக்கு முன்னால். கணுக்காலுக்கு வந்தது. பிறகு அரைக் கெண்டைக்காலுக்கு. கதிரைக் கால்கள் மறைந்தன. எழும்பி நின்றாள். முழங்கால் மட்டும் சருகு.

சோபா தெரியவில்லை. சுவர் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் வழவழப்பான மரத்தண்டுகள். ஒன்று, பத்து, நூறு. ஒரு பெரிய மரம் சரிந்து கிடந்தது. அதில் பாசி பிடித்திருந்தது.

அந்த மரத்தின் ஓரமாக... சருகு சற்று உயர்ந்திருந்தது. ஒரு ஆளின் நீளத்துக்கு.



தன் கையைப் பார்த்தாள். கையில் தும்புத்தடி இருந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து எப்போது எடுத்தாள் என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது.

கூட்டினால் அவர் வெளியே வருவார். அது அவளுக்கு விளங்கியது. கூட்டினால் அவர் இல்லை என்பதும் விளங்கியது. சருகு மூடியிருக்கிறவரைக்கும், எங்கோ ஒரு ஆஸ்பத்திரியில், எங்கோ ஒரு சிறையில், பெயர் மறந்துபோய், தாடி வளர்ந்துபோய், அவர் இருக்கலாம். ஒரு தரம் வாசலைக் கூட்டி அவரை அனுப்பினவள் அவள். திரும்பவும் அதே கையால்...

"என்னால ஏலாது," என்றாள். "இஞ்சாருங்கோ, என்னால ஏலாது."

சருகுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. நோகிற குரல் இல்லை. களைத்த குரல். அச்சகத்தில் இரவு வேலை முடித்து வந்து வாசலில் நின்று கூப்பிடுகிற அதே குரல்.

"குளிருது துஷி..."

அவள் கூட்டத் தொடங்கினாள்.

சரக். சரக். சரக்.

மேற்சருகு காய்ந்தது. அடிச்சருகு ஈரம். அதற்கும் அடியில் கறுப்பாய் உக்கினது. அழுதுகொண்டே கூட்டினாள். மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு கூட்டினாள். வாய் தன் பாட்டில் கதைத்தது. மண்ணைத் திரும்பப் பரவினனான் தெரியுமோ, கையால அள்ளிப் பரவினனான், அது போதாமல் போட்டுது...

தடி எதிலோ தட்டியது.

சப்பாத்து. அவள் வாங்கிக் கொடுத்தது.

பிறகு ஜக்கெற்.

பிறகு...

அவள் முகத்தைப் பார்த்தாளா என்று நான் கேட்டேன். அதை மட்டும் கேட்காதீர்கள் என்றாள்.

தடியைப் போட்டுவிட்டுத் தலைமாட்டில் இருந்தாள்.

இருந்தாள்.

எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது.

"புள்ள! துஷ்யந்தி புள்ள! கதவத் தொறங்க!"

ஹபீலாவின் குரல். 7.42. கடல் இரைந்துகொண்டிருந்தது. துஷ்யந்தி ஹோல் நடுவில் மாபிளில் இருந்தாள். தரையில் ஒரு தூசி இல்லை. எழும்பிக் கதவைத் திறக்கப் போனவள் விழுந்துவிட்டாள், தவழ்ந்துபோய்த்தான் திறந்தாள்.

"அல்லாஹ்வே! ஒங்கட கால் என்ன இப்பிடி ஐஸா ஈக்கி?"

இரண்டு பாதமும் நீலம் பாரித்திருந்தன. ஹபீலா கஞ்சிக் கோப்பையை அப்படியே கீழே வைத்துவிட்டு, சுடுதண்ணீரில் துணியை நனைத்து ஒத்தடம் கொடுத்தாள். அரைமணி நேரம் தேய்த்த பிறகுதான் விரல்களில் உணர்ச்சி வந்தது.

8.25க்குத் துஷ்யந்தி தில்லைநாதனுக்குக் கோல் எடுத்தாள்.

"ஞாயிற்றுக்கிழமை வேண்டாம் பெரியண்ணை."

"ஏன்? என்ன நடந்தது?"

"அவரை எடுத்திட்டினம். வரட்டும். வந்த பிறகு செய்வம்."

 அவளுக்கு மண்டை பிசகிவிட்டது என்றுதான் தில்லைநாதன் நினைத்திருக்கிறார். அதை அவரே பிறகு என்னிடம் சொன்னார். ஆனாலும் அந்தக் குரலை மறுத்துப் பேச அவருக்கு வாய் வரவில்லை. ஐயரிடம் சொல்லித் திகதியைத் தள்ளிப்போட்டார். சனிக்கிழமை காலையில் துஷ்யந்தி கண்ணாடிக்கு முன்னால் நின்று பொட்டைத் தானே அழித்தாள். யாரும் எலும்பு காட்டவில்லை, யாரும் சொல்லவுமில்லை.

அந்த வீட்டில் பிறகு இலை விழவில்லை. 6.17 மற்ற நேரங்களைப் போல வந்து போனது.

ஏப்ரல் 16, செவ்வாய்க்கிழமை, பின்னேரம் 4.40. வெளிநாட்டு நம்பரிலிருந்து கோல் வந்தது. கிருஷ்ணராஜ் என்று ஒருவர். யாழ்ப்பாணத்துப் பேச்சு. ஸ்லோவேனியப் பொலிசுக்காக மொழிபெயர்க்கிறவராம்.

"அக்கா, பக்கத்தில ஆரும் இருக்கினமோ?"

"சொல்லுங்கோ தம்பி. எனக்குத் தெரியும்."

அவர் கொஞ்சம் தடுமாறினார். பிறகு சொன்னார். காட்டில் ஒருவரின் உடல் எச்சம் கிடைத்திருக்கிறது. காற்சட்டை இடுப்புப் பட்டிக்குள் ஒரு துணித்துண்டு தைத்திருந்தது, அதில் இவளுடைய பெயரும் நம்பரும் இருந்தன. கணுக்கால் எலும்பு முறிந்திருந்தது. அந்த 2022 நவம்பரிலேயே, அநேகமாக முதல் இரவே முடிந்துவிட்டது என்று டொக்டர் சொல்கிறாராம். குளிரில் நித்திரை வருவது போலத்தான் போயிருப்பாராம், பெரிதாக நோவு இருந்திராதாம்.

"தனியவோ?" என்று கேட்டாள்.

"ஓம் அக்கா. தனியத்தான்."

அவள் அழுது முடிக்கும்வரை அவர் பொறுத்திருந்தார்.

எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று பிறகு கேட்டாள். அந்தக் காட்டில் விழுந்த மரங்களை எண்ணிக் கணக்கெடுக்கிற ஒரு பெண் இருக்கிறாளாம். அந்த ஒதுக்குக் காட்டுக்குள் ஒரு இலையைக்கூட யாரும் இடம் மாற்றக்கூடாது என்பது சட்டம். மார்ச் 22, அங்கத்தைய நேரம் பின்னேரம் 3.20க்கு அவள் அந்தப் பக்கம் வந்திருக்கிறாள். இங்கே அப்போது இரவு 7.50. காடு முழுக்க முழங்கால் மட்டும் சருகு, ஒரு விழுந்த மரத்தடியில் மட்டும் வெறும் நிலம். ஒரு ஆள் படுக்கிற அளவுக்குக் கோடு கோடாகக் கூட்டி வைத்திருந்ததாம். யார் இந்த வேலை செய்தது என்று கோபத்தோடுதான் கிட்டப் போயிருக்கிறாள். அதே மரத்தடியை அவள் முன்பும் மூன்று தரம் தாண்டிப் போனவள், ஒன்றையும் கண்டதில்லை.

"அக்கா, ஒரு கேள்வி. பொலிஸ் கட்டாயம் கேக்கச் சொல்லுது, குறை நினைக்காதேங்கோ."

"கேளுங்கோ."

"உங்கட மிஸ்டரோட பொம்பிளையள் ஆரும் போனவையோ?"

"இல்லை. பதினொரு பேரும் ஆம்பிளையள்."

"அந்த வெறும் நிலத்தில காலடி இருந்ததாம். ஒரு பொம்பிளையின்ர. முதல் நாள் இரவு நல்ல மழை, அதுக்குப் பிறகு பதிஞ்சது. செருப்பு இல்லை, வெறுங்கால். அங்க அப்ப மூண்டு பாகைக் குளிர் அக்கா, ஒருத்தரும் அப்பிடித் திரியேலாது."

துஷ்யந்தி போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள்.

"காட்டுக்குள்ள வந்த தடமும் இல்லையாம், திரும்பிப் போன தடமும் இல்லையாம். அவரைச் சுத்தி மட்டும்தான். தலைமாட்டில ஆரோ கனநேரம் இருந்த மாதிரி மண் பதிஞ்சு கிடந்ததாம். உங்களுக்கு ஆரெண்டு தெரியுமோ?"

"தெரியாது தம்பி," என்றாள்.

நான் தொடக்கத்தில் சொன்னேன், அவளுக்குப் பொய் சொல்ல வராது என்று. அவள் வாழ்க்கையில் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

மே மாதம் கிருபாகரன் ஒரு சின்னப் பெட்டியில் வெள்ளவத்தைக்கு வந்தான். செய்ய வேண்டியதெல்லாம் செய்து முகத்துவாரத்தில் கரைத்தார்கள். ஆனால் அங்கே பொலிஸ் ஃபைலை இன்னும் மூடவில்லையாம். போன மாதமும் கிருஷ்ணராஜ் கோல் எடுத்து, ஏதாவது ஞாபகம் வந்ததா என்று கேட்டிருக்கிறார். அந்தக் காலடிகளை அச்சு எடுத்து வைத்திருக்கிறார்களாம். வெறுங்காலோடு அந்தக் காட்டுக்குள் நின்ற பெண்ணை ஸ்லோவேனியப் பொலிஸ் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது.